முதல் தளபதி யார்? நெப்போலியன் கால மினியேச்சர்களில் ஒரு தேர்வு

நெப்போலியன் காலப் படையை மேசைப் போர் விளையாட்டுக்காகச் சேர்க்கத் தொடங்குகிறவர்களில் பெரும்பாலோர் முதலில் வாங்கும் தளபதி உருவம் நெப்போலியன்தான். சாம்பல் ஓவர்கோட்டு, கருப்புத் தொப்பி, வெளுத்த குதிரை. சரிகை அதிகம் கிடையாது, இறகு கிடையாது, ஒரே சாயங்காலத்தில் முடித்துவிடலாம் என்று தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தக் காலத்துத் தளபதிகளிலேயே பெயின்ட் அடிக்க மிகக் கஷ்டமானவர் அவர்தான். தலை முதல் கால்வரை தங்கச் சரிகையோடு திரிந்த அவருடைய குதிரைப்படைத் தளபதி முராவைக்கூட அவரைவிடச் சுலபமாக முடிக்கலாம். முதல் தளபதியாக யாரை எடுப்பது, எந்த அளவில், எந்த முறையில் அடிப்பது என்பதையெல்லாம் இந்த ஒரு கோணத்திலிருந்தே பார்க்கிறேன்.

முதலில் அளவு, அதாவது நிற்கும் ஆளின் உயரம் எத்தனை மி.மீ. என்பது. இதில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. உங்கள் படை எந்த அளவோ தளபதியும் அதே அளவுதான். ஆனால் அளவு மாறினால் வேலையே மாறிவிடும். 6 மி.மீ. உருவங்களில் முகம் ஒரு புள்ளி, கோட்டு ஒரு தீற்று. அங்கே தளபதியை அடையாளம் காட்டுவது தொப்பியின் வடிவமும் குதிரையின் நிறமும் மட்டுமே. எனவே 6 மி.மீ.-ல் படை சேர்ப்பவர்கள் தாராளமாக நெப்போலியனிலிருந்தே தொடங்கலாம். நான் கீழே சொல்லும் கஷ்டம் எதுவும் அவர்களுக்குக் கிடையாது. வார்லார்ட் கேம்ஸ் கொண்டுவந்த 13.5 மி.மீ. வரிசையும் கிட்டத்தட்ட அதே கதை. 15 மி.மீ. என்ற பெயரில் விற்றாலும் உண்மையில் 18 மி.மீ.-ஐ ஒட்டி நிற்கும் ஏபி நிறுவனத்தின் உருவங்கள் வேறு ரகம். செதுக்கல் அவ்வளவு சுத்தமாக இருப்பதால் அவற்றில் பெரிய அளவுக்குரிய முறைகளையே கையாளலாம். 28 மி.மீ. என்பது ஏறக்குறைய 1:56 விகிதம். குதிரைமேல் அமர்ந்த தளபதி அதில் உள்ளங்கையில் கனமாக உட்காருவார், எதிராளி குனிந்து பார்த்தால் மூக்கு, மீசை, பதக்கம் எல்லாம் தெரியும். இங்கே பேசுவது பெரும்பாலும் அந்த அளவைப் பற்றித்தான்.

பொருளைப் பொறுத்தவரை, தளபதிக்கு உலோகம் என்பதே என் தேர்வு. விக்ட்ரிக்ஸ், பெர்ரி நிறுவனங்களின் பிளாஸ்டிக் பெட்டிகள் சிப்பாய்களுக்கு அருமையானவை. பட்டாளம் பட்டாளமாக வேண்டும்போது வேறு வழியும் இல்லை. ஆனால் பெயர் சொல்லும் தளபதிகள் பெரும்பாலும் உலோகத்தில்தான் கிடைக்கிறார்கள். ஆட்டத்தில் அடிக்கடி தொட்டு நகர்த்தப்படும் உருவமும் தளபதிதான். கனமான உருவம் மேசையில் சாயாது. ஒரே குறை வாள். மெல்லிய உலோக வாள் வளையும், வளைத்து நிமிர்த்தும்போது அந்த இடத்தில் பெயின்ட் உரியும். வீட்டு 3டி பிரிண்டரில் எடுக்கும் ரெசின் உருவத்தில் விவரம் இன்னும் கூர்மையாக வரும். ஆனால் அந்த வாள் வளைவதற்குப் பதிலாக ஒடிந்தே போகும். அலமாரியில் வைத்துப் பார்க்க ரெசின், விளையாட உலோகம் என்று பிரித்துக்கொள்ளலாம்.

எளிமையான உடை ஏன் கஷ்டம்

சரிகை, பொத்தான், பட்டை, குஞ்சம் என்று நிறைந்த உருவத்தில் செதுக்கியவரே பிரஷ்ஷுக்குப் பாதை போட்டுக் கொடுத்திருக்கிறார். மேடான இடத்தில் தங்க நிறத்தை வைத்து, மேலே மெல்லிய பழுப்பு வாஷ் (நீர்த்த பெயின்ட்) ஊற்றினால் பள்ளங்களில் அது தானாகப் போய் உட்காரும். பாதி வேலை முடிந்தது. வெறும் துணியில் அந்த உதவி கிடையாது. ஓவர்கோட்டின் முதுகு ஒரு பெரிய வெற்றிடம். எங்கே வெளிச்சம், எங்கே நிழல் என்று நீங்களேதான் முடிவுசெய்து வரைய வேண்டும். முன்னது புள்ளி வைத்த கோலம் என்றால், பின்னது புள்ளி இல்லாமல் போடுகிற கோலம்.

நெப்போலியனை எடுத்துக்கொள்வோம். வழக்கமாக அவர் அணிந்தது காவல்படை ஷஸர் என்ற இலகு குதிரைவீரர்களின் கர்னலுக்குரிய பச்சைக் கோட்டு. விசேஷ நாட்களில் காவல்படை கிரனேடியர் என்ற காலாட்படையினரின் நீலக் கோட்டு. களத்தில் பெரும்பாலும் இவற்றுக்கு மேல் அந்தப் பிரபலமான சாம்பல் ஓவர்கோட்டு. உள்ளே வெள்ளை வெயிஸ்ட்கோட்டு, வெள்ளைக் கால்சட்டை. தொப்பியை மற்ற தளபதிகளைப் போல் முன்பின்னாக வைக்காமல் பக்கவாட்டில் வைப்பார், அதில் ஒரு சின்ன மூவர்ணக் கொக்கேடு (நாட்டின் நிறம் காட்டும் வட்டச் சின்னம்). (இந்தத் தொப்பிகளின் மவுசு இன்னும் குறையவில்லை. 2023 நவம்பரில் ஃபான்தென்ப்ளோ ஏலத்தில் ஒன்று சுமார் 19 லட்சம் யூரோவுக்குப் போனது.) கீழே வெளிர் சாம்பல் அரபுக் குதிரை. மாரெங்கோ என்ற பெயரில் அறியப்படும் குதிரையின் எலும்புக்கூடு லண்டன் தேசிய ராணுவ அருங்காட்சியகத்தில் இன்றும் நிற்கிறது.

இப்போது நிறங்களை வரிசையாகப் பாருங்கள்: சாம்பல் கோட்டு, வெள்ளைக் கால்சட்டை, சாம்பல் கலந்த வெள்ளைக் குதிரை, கருப்புத் தொப்பி, கருப்பு பூட்ஸ். நிறமென்று சொல்ல இருப்பது சேணத்துணியின் கருஞ்சிவப்பும் கோட்டுக்குள் எட்டிப்பார்க்கும் பச்சையும்தான். ஒரே பாட்டிலில் கொஞ்சம் கூட, கொஞ்சம் குறைய வெள்ளை கலந்து மூன்றையும் அடித்தால் ஆளும் குதிரையும் ஒன்றாகக் கரைந்து, மூன்றடி தள்ளி நின்று பார்க்கும்போது சுண்ணாம்புக் கட்டி மாதிரி தெரியும். இவற்றைப் பிரித்துக் காட்டுவதற்கு ஒரே வழி, நிறத்தின் சூட்டையும் குளிர்ச்சியையும் மாற்றுவது. கோட்டுக்கு, சாம்பலில் காக்கியோ பழுப்போ கலந்து சூடான சாம்பல். குதிரைக்கு, நீலம் துளி கலந்த குளிர்ந்த சாம்பலில் தொடங்கி வெள்ளைக்குப் போக வேண்டும். மூக்கு நுனியும் முழங்காலுக்குக் கீழேயும் கருமை தேங்கியிருக்க வேண்டும். கால்சட்டைக்கு யானைத்தந்த நிறத்தின் சாயல். தூய வெள்ளை தொடையின் மேற்பகுதியில் ஒரே ஒரு கோடாக மட்டும். இதைச் செய்ய முடியும், ஆனால் முதல் தளபதியில் கற்றுக்கொள்ளும் பாடம் இது இல்லை. போதாததற்கு, அந்த முகமும் அந்தத் தொப்பியும் எல்லாருக்கும் தெரியும். ஏதோ ஒரு பிரிகேட் ஜெனரலின் மூக்கு கோணலானால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். இவருக்குக் கோணலானால் அறைக்குள் வருகிற ஒவ்வொருவரும் சொல்வார்கள்.

வாட்டர்லூவில் நெப்போலியனை எதிர்த்து நின்ற பிரிட்டிஷ் தளபதி வெலிங்டன் இன்னொரு எளிமைக்காரர். வாட்டர்லூவில் கருநீலக் கோட்டு, அதன்மேல் கருநீல மேலங்கி, வெள்ளைக் கழுத்துத்துணி, வெள்ளைக் கால்சட்டை. தொப்பியில் இறகு கிடையாது. பிரிட்டனின் கருப்புக் கொக்கேடும், கூடவே ஸ்பெயின், போர்ச்சுகல், நெதர்லாந்து மூன்றுக்கும் சின்னக் கொக்கேடுகளும் மட்டும். அந்த மூன்று புள்ளிகளை 28 மி.மீ.-ல் சரியாக வைத்துவிட்டால் தெரிந்தவர்கள் குனிந்து பார்த்துச் சிரிப்பார்கள். நெப்போலியனைவிட இவர் ஒரு படி சுலபம், அதற்குக் காரணம் அவருடைய குதிரை. கோப்பன்ஹேகன் செம்பழுப்பு நிறம். ஆரஞ்சு சாயல் ஓடுகிற அந்தப் பழுப்புக்கு மேலே கருநீலம் தானாகவே எடுப்பாகத் தெரியும். (வாட்டர்லூ நாள் முழுக்கச் சுமந்த பிறகு, இறங்கித் தட்டிக்கொடுத்த எஜமானரைக் கோப்பன்ஹேகன் உதைக்கப் பார்த்தது என்று சொல்வார்கள். 1836-ல் இறந்தபோது ராணுவ மரியாதையோடு புதைத்தார்கள்.) கஷ்டம் வேறிடத்தில் இருக்கிறது: கருநீலக் கோட்டின் மேல் கருநீல மேலங்கி. இரண்டையும் ஒரே நீலத்தில் அடித்தால் மூட்டையாகிவிடும். மேலங்கிக்குக் கொஞ்சம் சாம்பல் கலந்து, கோட்டைச் சுத்தமான நீலமாக விட்டால் பிரியும்.

வெலிங்டன்தான் வேண்டும், ஆனால் நீலம் பயமாக இருக்கிறது என்பவர்களுக்கு ஒரு மாற்று உண்டு: வெலிங்டன் பட்டம் பெறும் முன், ஆர்தர் வெல்லெஸ்லியாக இந்தியாவில் இருந்த அவரே. 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டண முற்றுகையில் இருந்தவர், 1803 செப்டம்பர் 23-ல் அசாயேயில் மராத்தியரை வென்ற மேஜர் ஜெனரல். சிவப்புக் கோட்டு, அடையாளம் காண எளிது. அசாயேயில் அவருடைய படையில் சென்னை மாகாணச் சிப்பாய்ப் பட்டாளங்களும் இருந்தன. மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் சின்னத்தில் இன்றும் நிற்பது அசாயே யானைதான்; அந்த ரெஜிமென்ட்டின் மையம் இருப்பதும் குன்னூர் அருகே, இவர் பெயரிலேயே உள்ள வெலிங்டனில். நம்மூர்க்காரர் ஒருவர் இந்தக் காலகட்டத்தில் கை வைக்க இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை. ஆனால் அந்த வெல்லெஸ்லியை வாட்டர்லூ மேசையில் கொண்டுபோய் நிறுத்த முடியாது.

பளபளப்பின் பக்கம்

முரா எதிர் முனை. நேப்பிள்ஸ் அரசர், நெப்போலியனின் தங்கை கணவர், 1807 பிப்ரவரியில் ஐலாவ் போரில் பனிக்கு நடுவே எண்பது குதிரைப்படை ஸ்குவாட்ரன்களோடு பாய்ந்தவர். தனக்குத் தானே உடை வடிவமைத்துக்கொண்ட மனிதர். தீக்கோழி இறகு, சரிகை, சிறுத்தைத்தோல் சேணவிரிப்பு, வண்ண பூட்ஸ். புதியவர்கள் பயந்து ஒதுக்கும் இந்த உருவம் உண்மையில் தப்புகளை மன்னிக்கிற உருவம். சரிகை கொஞ்சம் தடிமனாகிவிட்டதா? முராவுக்கு அது பொருத்தம்தான். சிறுத்தைத்தோலில் புள்ளி கோணலா? சிறுத்தையே அப்படித்தான். சீருடை விதிப்புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து யாரும் குறை சொல்ல முடியாது, அவர் எந்த விதியையும் மதித்ததில்லை.

இரண்டு குறைகள் உண்டு. ஒன்று, எல்லா இடமும் மின்னினால் கண் எங்கே போய் நிற்பது என்று தெரியாது. தூரத்திலிருந்து பார்த்தால் வெறும் இரைச்சல். இதைச் சமாளிக்கக் குதிரையை அமைதியான கரும்பழுப்பாக வைத்து, இறகில் மட்டும் தூய வெள்ளையைப் பயன்படுத்த வேண்டும். இரண்டாவது குறைதான் பலருக்குத் தடை: முரா வாட்டர்லூவில் இல்லை. 1815-ல் நேப்பிள்ஸில் தனியாகப் போரைத் தொடங்கித் தோற்று, அக்டோபரில் பிட்ஸோவில் சுட்டுக் கொல்லப்பட்டார். உங்கள் பிரெஞ்சுப் படை 1805 முதல் 1812 வரையிலான சண்டைகளுக்கானது என்றால் எடுங்கள். வாட்டர்லூவில் முடிந்த 1815-ன் நூறு நாள் போர்த்தொடருக்கு என்றால் வேண்டாம்.

வெலிங்டனோடு சேர்ந்து நின்ற பிரஷ்யத் தளபதி ப்ளூஷரைப் பற்றிச் சுருக்கமாக. வாட்டர்லூவின்போது வயது 72. இரண்டு நாள் முன்பு லின்யி போரில் குதிரை சுடப்பட்டு அதன் அடியில் சிக்கி, பிரெஞ்சுக் குதிரைப்படை மேலே ஓடியும் பிழைத்தவர். உடை சாதாரணமானது, முகம்தான் அங்கே விஷயம்: சுருக்கம், வெள்ளை மீசை, சிவந்த மூக்கு. முகம் தீட்டுவதில் ஆர்வம் உள்ளவர்களுக்கு இவரைப் போல் வேறொருவர் கிடையாது. ஒரே எச்சரிக்கை, தங்கக் கதிர்கள் நடுவே இரும்புச் சிலுவை பதித்த அந்தப் புகழ்பெற்ற நட்சத்திரத்தை வாட்டர்லூ ப்ளூஷரின் நெஞ்சில் வைத்துவிடாதீர்கள். அது அந்த வெற்றிக்காகப் பிறகு கொடுக்கப்பட்டது.

பிரிட்டிஷ் பக்கம் இன்னொரு வேடிக்கையான ஆள் தாமஸ் பிக்டன். சாமான்கள் வந்து சேராததால் சாதாரணக் குடிமக்கள் கோட்டோடும் உயரமான தொப்பியோடும் வாட்டர்லூவில் களமிறங்கி, தலையில் குண்டு பாய்ந்து இறந்தவர். சீருடையே இல்லாத தளபதி! ஆனால் இவரும் எளிமைக்காரர் கூட்டம்தான். கருங்கோட்டும் கருந்தொப்பியும் வேலை வாங்கும்.

நடுவில் நிற்பவர்

என் தேர்வு மார்ஷல் நே. 1804-ல் நெப்போலியன் ஏற்படுத்திய மார்ஷல் பதவியைப் பெற்றவர்கள் மொத்தம் 26 பேர், நே முதல் பட்டியலிலேயே இருந்தவர். மார்ஷலின் கருநீலக் கோட்டில் ஓக் இலைத் தங்க வேலைப்பாடு. முழு அலங்கார உடையில் தையல்களின் மேலும் அது ஓடும், அன்றாட உடையில் காலரிலும் கைமடிப்பிலும் மட்டும். இந்த அன்றாட உடை நே உருவத்தை எடுங்கள். பிரஷ்ஷுக்கு வழிகாட்டக் காலரிலும் கைமடிப்பிலும் தோள்பட்டையிலும் சரிகை இருக்கிறது, நிழல்-வெளிச்சம் பழகக் கோட்டின் முதுகில் வெற்றுத் துணியும் இருக்கிறது. இரண்டும் அளவாக. இடுப்பில் வெள்ளையும் தங்கமும் கலந்த கச்சை. செம்பட்டைத் தலைமுடியும் சிவந்த முகமும் நீலக் கோட்டுக்கு மேல் நன்றாகத் தெரியும். வாட்டர்லூவின் கடைசி நேரத்தில் தொப்பி இல்லாமல் நிற்கிற கோலத்தில் செதுக்கப்பட்ட உருவம் கிடைத்தால் இன்னும் நல்லது, கருப்புத் தொப்பி வேலையே மிச்சம்.

அவரைத் தேர்ந்தெடுக்க எனக்குப் பிடித்த காரணம் குதிரை. பிற்பகல் நான்கு மணியிலிருந்து பிரிட்டிஷ் சதுர அணிகளின் மேல் குதிரைப்படையைத் திரும்பத் திரும்ப ஏவிய அந்த ஒரே நாளில் அவருக்கு அடியில் நான்கோ ஐந்தோ குதிரைகள் விழுந்தன. எனவே நீங்கள் எந்த நிறத்தில் குதிரை தீட்டினாலும் இது அதில் ஒன்று என்று சொல்லிவிடலாம். நெப்போலியனுக்கும் வெலிங்டனுக்கும் இந்தச் சலுகை கிடையாது. முதல் குதிரைக்கு நான் சொல்வது பே வகை: உடல் பழுப்பு, பிடரி, வால், கால்களின் கீழ்ப்பகுதி கருப்பு. செம்பழுப்புக் குதிரைக்குக் கருப்புக் கால் வராது. இதைக் குழப்புவதுதான் குதிரை தெரிந்தவர்கள் கண்ணில் முதலில் படுகிற தவறு. காலில் வெள்ளை வைத்தால் அந்தக் குளம்பையும் வெளிறிய நிறத்தில் விட வேண்டும்.

பெயர் சொல்லும் நே உருவம் கிடைக்கவில்லையா? பிரெஞ்சு ஜெனரல் யாராக இருந்தாலும் சரி, கச்சையின் நிறத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். டிவிஷன் ஜெனரலுக்குச் சிவப்பும் தங்கமும், பிரிகேட் ஜெனரலுக்கு வான்நீலமும் தங்கமும். இடுப்பில் ஒரு கோடு மாறினால் ஆளின் பதவியே மாறிவிடும்.

எந்த முறை?

மூன்று முறைகள் இன்று பரவலாக இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் உறுதியான ஆதரவாளர்கள் உண்டு.

முதலாவது, பழைய லேயர் முறை. கருப்பு ப்ரைமர் (முதல் அடிப்பூச்சு) அடித்து, ஒவ்வொரு நிறத்திலும் நிழல், நடு, வெளிச்சம் என்று மூன்று படிகளாக ஏறுவது. பட்டைக்கும் கோட்டுக்கும் நடுவில் மெல்லிய கருப்பு வரி ஒன்றை விட்டுவைத்தால் தூரத்திலிருந்து எல்லாம் தெளிவாகப் பிரிந்து தெரியும். போர் விளையாட்டு உருவங்களின் சிறந்த மேசைத் தோற்றம் இன்னும் இதுதான் என்று நினைக்கிறேன். கருநீலத்துக்கு, கிட்டத்தட்டக் கருப்பான நீலத்தில் தொடங்கி, வல்லெஹோவின் 70.899 டார்க் புருஷியன் ப்ளூ போன்ற ஒன்றை நடுவாக வைத்து, வெளிச்சத்துக்கு அதிலேயே நடுத்தர நீலம் கலக்க வேண்டும். வெள்ளை கலக்காதீர்கள், மாவு பூசியதுபோல் வெளிறிவிடும். நேரம் அதிகம் பிடிக்கும் முறை இது, ஆனால் தளபதி ஒருவர்தானே.

இரண்டாவது, ஒரே பூச்சில் நிழலும் நிறமும் தருகிற பெயின்ட்கள். 2019-ல் கேம்ஸ் வொர்க்ஷாப் நிறுவனம் தன் சிட்டடல் பெயின்ட்களில் கான்ட்ராஸ்ட் வரிசையைக் கொண்டுவந்த பிறகு இவை வெள்ளமாக வந்துவிட்டன. கருப்பு ப்ரைமர் மேல், மேலிருந்து மட்டும் வெள்ளை ஸ்ப்ரே அடித்து, அதன்மேல் இவற்றைப் பூசினால் சிப்பாய்க் கூட்டம் ஒரே வாரக்கடைசியில் நிற்கும். தளபதிக்கு? கரடும் பள்ளமுமான இடங்களில் அற்புதம்: இறகு, பிடரி, தோல், ஆட்டுரோமச் சேணவிரிப்பு. தட்டையான கோட்டில் திட்டுத்திட்டாகத் தேங்கும். அதாவது முராவுக்குப் பாதி வேலை செய்யும், நெப்போலியனின் ஓவர்கோட்டைக் கெடுக்கும். சில வகைகள் காய்ந்த பிறகும் மேலே ஈரம் பட்டால் மறுபடி கரைந்து எழும்பும், வாங்கும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, ஆயில் பெயின்ட். முழு உருவத்துக்கும் இதைச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை. ஆனால் குதிரைக்கு இதற்கு இணை எதுவும் கிடையாது. வெளிர் ஆரஞ்சுப் பழுப்பு அக்ரிலிக்கை அடித்துக் காய விட்டு, மேலே பர்ன்ட் அம்பர் ஆயில் பெயின்ட்டை மெல்லியதாக எல்லா இடமும் தேய்த்து, கொஞ்ச நேரம் கழித்து மேக்கப் ஸ்பான்ஜால் மேடான இடங்களைத் துடைத்தெடுக்க வேண்டும். தொடை, தோள், கழுத்துத் தசைகளில் அடிநிறம் மேலே வரும், பள்ளங்களில் கருமை தங்கும். நடுவில் கோடே தெரியாது. அக்ரிலிக்கில் மணிக்கணக்காக முயன்றாலும் வராத அந்த வழவழப்பு இங்கே துடைப்பதிலேயே வந்துவிடும். விலை என்ன என்றால் காத்திருப்பு. காய நாட்கள் ஆகும், தின்னர் வாடைக்கு ஜன்னலைத் திறந்துவைக்க வேண்டும். கொஞ்சம் அதிகமாகத் துடைத்துவிட்டாலும் பயமில்லை, மறுபடி பூசலாம்.

இந்த மூன்றில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. நேயின் குதிரை ஆயிலில், கோட்டு லேயரில், சேணத்தின் ரோமமும் குதிரையின் பிடரியும் கான்ட்ராஸ்ட்டில். ஆளையும் குதிரையையும் தனித்தனியாகத் தீட்டிக் கடைசியில் ஒட்டினால் ஒன்றின் முறை மற்றொன்றில் குறுக்கிடாது. குதிரை காய்கிற நாட்களில் ஆளை முடித்துவிடலாம். சரிகைக்கு, உலோகத் தங்கத்தை நேரடியாகக் கருநீலத்தின் மேல் வைக்காமல் முதலில் மஞ்சள்பழுப்பு ஒரு பூச்சு. அதன்மேல் தங்கம், அப்புறம் பழுப்பு வாஷ், கடைசியில் முனைகளில் மட்டும் வெள்ளி கலந்த தங்கம். கண்களை விட்டுவிடுங்கள் என்பேன். புருவத்தின் நிழல் போதும், 28 மி.மீ.-ல் கண்ணுக்கு வெள்ளை வைத்தால் பேயைக் கண்டவன் மாதிரி முழிப்பார். பிரஷ் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். நல்ல கொலின்ஸ்கி ரோம பிரஷ், 1-ஆம் எண். நுனி கூர்மையாக இருந்தால் சரிகைக்குக்கூட இதைவிடச் சிறியது தேவைப்படாது.

மேசைமேல் போகும்போது

பிளாக் பவுடர் மாதிரியான போர் விளையாட்டு விதிகளில் தளபதி அலங்காரத்துக்கு நிற்பவர் இல்லை. உத்தரவைச் சொல்லி, இரண்டு பகடையை உருட்டி, அவருடைய தலைமை எண்ணுக்குள் விழுந்தால்தான் படை நகரும். எண்ணைவிட எவ்வளவு குறைவாக விழுகிறதோ அதைப் பொறுத்து ஒன்று முதல் மூன்று நகர்வு. தூரத்தையும் அவரிடமிருந்துதான் அளப்பார்கள். டேப் இடிக்கும், விரல் படும், பகடை மேலே விழும். அதனால் முதலில் பளபள வார்னிஷ் ஒரு பூச்சு, அது காய்ந்த பிறகு மேட் வார்னிஷ். நம்மூர்க் கடலோர ஈரத்தில் மேட் ஸ்ப்ரே வெள்ளையாகப் பூத்துவிடும் ஆபத்து உண்டு, மழைநாளில் ஸ்ப்ரேயைத் தொடாதீர்கள். பிரஷ்ஷால் பூசும் வார்னிஷ் நிதானமானது. பூட்ஸிலும் சேணத்திலும் மட்டும் மறுபடி துளி பளபளப்பைத் தொட்டுவைக்கலாம்.

பேஸ் (உருவம் நிற்கும் அடித்தட்டு) வட்டமாக இருக்கட்டும். சதுர பேஸில் நிற்கும் படைகளுக்கு நடுவே தளபதி சட்டென்று தெரிவார். பிரிகேட் தளபதியின் பேஸில் ஒருவர், டிவிஷன் தளபதியின் பேஸில் இருவர், படைத் தலைவரின் பேஸில் மூன்று நான்கு பேர் என்று வைப்பது பலரும் பின்பற்றும் வழக்கம். நேயின் பக்கத்தில் ஒரு உதவி அதிகாரியை (எய்ட்-டி-காம்ப்) நிறுத்துவதானால் அவருடைய இடது கையில் பட்டை அடிக்க மறக்க வேண்டாம். மார்ஷலின் ஆளுக்கு வெள்ளை, டிவிஷன் ஜெனரலின் ஆளுக்குச் சிவப்பு, பிரிகேட் ஜெனரலின் ஆளுக்கு வான்நீலம்.

ஏற்கெனவே நெப்போலியனை வாங்கி மேசையில் வைத்துக்கொண்டு இதைப் படிக்கிறவர்களும் இருப்பீர்கள். அவரைத் திருப்பி அனுப்ப வேண்டாம். குதிரையை மட்டும் இப்போதே ஆயிலில் செய்து பாருங்கள்: அடியில் வெள்ளை அக்ரிலிக், மேலே நீலச்சாம்பல் ஆயில், துடைப்பு. வெளிர் குதிரைக்கு அக்ரிலிக்கைவிட இது பத்து மடங்கு சுலபம், மூக்கிலும் கால்களிலும் துடைக்காமல் விட்டாலே கருமை நின்றுவிடும். ஆள் ப்ரைமரோடு டப்பாவில் இருக்கட்டும். இடையில் நேயையும் இரண்டு பிரிகேட் ஜெனரல்களையும் முடித்துவிட்டு, கோட்டின் முதுகில் கை பயப்படாமல் போகிறது என்று தெரிந்த பிறகு அந்தச் சாம்பல் ஓவர்கோட்டை எடுங்கள்.